பூஜ்ஜியமாவது உரிமை

எங்கள் வீட்டுக்கு முதல் கணினி 2012-ன் தொடக்கத்தில் வந்தது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், முன்கட்டு முழுவதையும் தறி பிடித்துக்கொண்ட வீடு. நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். முதலமைச்சர் படம் போட்ட பையில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, அதை வைப்பதற்கு ஈரம் படாத, நூல் தூசு படாத ஓர் இடம் வீட்டில் இல்லை. கடைசியில் அரிசி டிரம்மின் மேல் வைத்தோம்.

பொத்தானை அழுத்தியதும் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று விண்டோஸ், மற்றொன்று பாஸ் லினக்ஸ். சில நொடிகளுக்குள் அம்புக்குறி விசையால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அண்ணன் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "விண்டோஸ்ல போ. இன்னொண்ணு வேஸ்ட்டு." கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம் படித்தவன் அவன். அவன் நண்பர்களும் அதையேதான் சொன்னார்கள். அதனால் விண்டோஸ் பக்கம் அண்ணனுடையதானது. அவனுடைய பாட்டு, அவனுடைய படம், பென் டிரைவில் வந்த கார் பந்தயம். யாருக்கும் வேண்டாத லினக்ஸ் பக்கம் எனக்கு மிஞ்சியது.

அந்தப் பக்கத்தில் 'விளையாட்டுகள்' என்று ஒரு பட்டியல் இருந்தது. சீட்டுக்கட்டு, கண்ணிவெடி, மாஜாங் ஓடுகள், சதுரங்கம், விழும் கட்டைகளை அடுக்குவது, ஒரே நிறக் குண்டுகள் சேர்ந்திருக்கும் இடத்தில் தட்டி மறைப்பது. இணையம் வேண்டாம், காசு வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். பதினேழு வயதில், வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, யாருக்கும் எந்தப் பயனும் தராத ஒரு காரியத்தைச் செய்தேன். விளையாடினேன்.

இலவச மடிக்கணினித் திட்டம் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. மாணவிகள் எத்தனை பேர் உயர்கல்விக்குப் போனார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்று கேட்பார்கள். அந்தக் கணினியில் எத்தனை பெண்கள் விளையாடினார்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால், அது குற்றம் கண்டுபிடிக்கும் கேள்வியாகத்தான் இருக்கும். நான் அதை வரலாற்றுக் கேள்வியாகக் கேட்க நினைக்கிறேன்.

எங்கிருந்து வந்தது அந்தப் பக்கம்?

மடிக்கணினித் திட்டத்தை ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிவைத்தார். எங்கள் ஊரில் 1909-ல் பிறந்த அண்ணாவின் பிறந்த நாள் அது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படிப்பவர்களுக்கு எல்காட் நிறுவனம் வழியாகக் கணினிகள் வாங்கப்பட்டன. முதல் ஆண்டுக்கு மட்டும் 9.12 லட்சம் கணினிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள். அந்த எண்ணின் பருமன் புரிய வேண்டுமானால் இன்னொரு எண்ணைப் பக்கத்தில் வைக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கணினி இருந்த வீடுகள் 9.5 சதவீதம். இணையத்தோடு கணினி இருந்த வீடுகள் 3.1 சதவீதம். எங்களைப் போன்ற வீடுகளில், கணினி வந்த அன்றும் இணையம் வரவில்லை. உள்ளே என்ன வைத்துக் கொடுத்தார்களோ அதுதான் எங்கள் உலகம்.

உள்ளே வைத்துக் கொடுத்ததில் ஒன்று விண்டோஸ் 7-ன் ஸ்டார்ட்டர் பதிப்பு. திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற விடாத பதிப்பு அது. மற்றொன்று பாஸ். பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். சென்னையில் இருக்கும் சி-டாக் மத்திய அரசு நிறுவனம், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு அதை உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கும். தமிழ்நாட்டு அரசு நிறுவனங்களுக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. சி. உமாசங்கர் எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்தபோதே அந்த நிறுவனம் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியிருந்தது.

டெபியன், லினக்ஸ், பாஸ் எல்லாமே கட்டற்ற மென்பொருள் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. அது என்னவென்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது எளிது. ஜக்கார்டு தறியில் புடவையின் பூவும் மயிலும் துளையிட்ட அட்டைகளில் இருக்கும். எந்த நூல் தூக்க வேண்டும், எது தாழ வேண்டும் என்பதை அந்தத் துளைகள் சொல்லும். அட்டையை முதலாளி கொடுப்பார். புடவை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார். என் அப்பா முப்பது வருடம் நெய்த மயில்களில் ஒன்றுகூட அவருடையதில்லை. ஒரு துளையை மாற்றி அடைக்கவும் அவருக்கு அனுமதி இல்லை. பெரும்பாலான மென்பொருள்கள் இப்படித்தான் விற்கப்படுகின்றன. கட்டற்ற மென்பொருளில் புடவையோடு அட்டையும் உங்கள் கைக்கு வருகிறது. படித்துப் பார்க்கலாம், துளையை மாற்றலாம், பக்கத்து வீட்டுக்குப் படி எடுத்துக் கொடுக்கலாம். 1983-ல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும், 1991-ல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸும் சேர்ந்து இதைச் சாத்தியமாக்கின.

இந்த இயக்கம் தன் பயனர்களுக்கு நான்கு உரிமைகளைச் சொல்கிறது. எண்ணிக்கை ஒன்றில் தொடங்காமல் பூஜ்ஜியத்தில் தொடங்குகிறது. படிப்பது, மாற்றுவது, பகிர்வது எல்லாம் பிறகுதான். பூஜ்ஜியமாவது உரிமை: மென்பொருளை எந்த நோக்கத்துக்காகவும் இயக்கலாம். எந்த நோக்கத்துக்காகவும். படிப்புக்காக மட்டும், வேலைக்காக மட்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை.

மூன்று வாரங்கள் யாருடையவை?

விளையாட்டு இந்த வரலாற்றுக்குள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதும் இல்லை. லினக்ஸ் எதைப் பார்த்து எழுதப்பட்டதோ அந்த யுனிக்ஸ், ஒரு விளையாட்டிலிருந்துதான் பிறந்தது.

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் 'ஸ்பேஸ் டிராவல்' என்ற விளையாட்டை எழுதினார். கிரகங்களுக்கு இடையே விண்கலத்தை ஓட்டி இறக்க வேண்டும். அங்கிருந்த பெரிய கணினியில் ஒரு முறை விளையாட ஏறத்தாழ 75 டாலர் கணினி நேரம் செலவானது. அதனால் ஒரு மூலையில் அதிகம் பயன்படாமல் கிடந்த பிடிபி-7 என்ற சிறிய கணினிக்கு, டென்னிஸ் ரிட்சியின் உதவியோடு, விளையாட்டை மாற்றினார். அந்தக் கணினியைப் பழக்கிக்கொண்ட அனுபவத்தில் எழுந்ததுதான் யுனிக்ஸ். வேலை நேரத்தில், நிறுவனத்தின் கணினியில், ஒரு ஆண் விளையாடினார். வரலாறு அதை மேதைமையின் தொடக்கம் என்று பதிவு செய்திருக்கிறது.

அந்த வரலாற்றிலேயே ஒரு ஓரத்தில் இன்னொரு தகவலும் இருக்கிறது. தாம்ப்சனே பல முறை சொன்னது. யுனிக்ஸின் முக்கியமான பகுதிகளை அவர் மூன்று வாரத்தில் எழுதி முடித்தார். அந்த மூன்று வாரமும் அவர் மனைவி போனி, ஒரு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்குப் போயிருந்தார், குழந்தையைப் பெரியவர்களுக்குக் காட்டுவதற்காக. கணினி அறிவியல் புத்தகங்களில் இது சுவையான துணுக்காக வரும். நமக்கு அது துணுக்கு இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வெளியே போனதால் ஒரு ஆணுக்குக் கிடைத்த மூன்று வாரம் அது. போனியின் அந்த மூன்று வாரத்தைப் பற்றி நமக்கு ஒரு வரியும் கிடைப்பதில்லை.

இன்னொரு கதை. 1970-களின் நடுவில் வில் க்ரௌதர் என்ற நிரலாளர், குகைக்குள் அலைந்து புதையல் தேடும் 'அட்வெஞ்சர்' என்ற விளையாட்டை எழுதினார். படமே கிடையாது, எழுத்து மட்டும்தான். "வடக்கே போ" என்று தட்டினால் வடக்கே போகும். டான் வுட்ஸ் 1977-ல் அதை விரிவாக்கினார். யுனிக்ஸ் கணினிகளில் பரவி, இன்றும் லினக்ஸில் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். க்ரௌதர் அதை எழுதியது மணமுறிவுக்குப் பின், தன் மகள்களுக்காக. விளையாட்டில் வரும் குகை கென்டக்கி மாநிலத்தில் உண்மையாகவே இருக்கிறது. அவரும் மனைவி பாட்ரிசியாவும் சேர்ந்து இறங்கி அளந்த குகைத் தொகுதி அது. 1972-ல் இரண்டு பெரும் குகைத் தொகுதிகளுக்கு நடுவே இருந்த இணைப்பைக் கண்டுபிடித்த குழுவில் பாட்ரிசியா இருந்தார். மற்றவர்கள் நுழையத் தயங்கிய ஒடுக்கமான வெடிப்புக்குள் உடலை ஒடுக்கிப் போய் வழியைக் கண்டவர் அவர்தான். அளவுகளைக் கணினியில் ஏற்றி வரைபடமாக்கும் வேலையிலும் அவர் பங்கு உண்டு. குகைக்குள் நிஜமாகவே போன பெண்ணின் பெயரை, குகை விளையாட்டை ஆடிய லட்சக்கணக்கானோரில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

லினஸ் டோர்வால்ட்ஸ் 2001-ல் வெளியிட்ட தன் கதைக்கு 'ஜஸ்ட் ஃபார் ஃபன்' என்று பெயர் வைத்தார். சும்மா, விளையாட்டுக்காக என்று பொருள். உலகத்தையே மாற்றிய ஒரு வேலையை விளையாட்டுக்காகச் செய்தேன் என்று ஒரு ஆண் அட்டையிலேயே அச்சிட்டுப் பெருமைப்படலாம். காஞ்சிபுரத்தில் ஒரு பெண், கணினியில் விளையாடியதை அம்மாவிடம்கூடச் சொல்ல முடியாது.

கோர்வைக்கு உட்கார்ந்த பிள்ளைகள்

காஞ்சிபுரம் பட்டின் அடையாளம் கோர்வை. உடலும் கரையும் வேறு வேறு நிறம். ஊடையும் வேறு வேறு என்பதால் கரைக்குத் தனி நாடா ஓட வேண்டும். நெய்பவர் ஒரு பக்கம் உட்கார, மறு பக்கக் கரை நாடாவைத் தள்ளிவிட இன்னொரு கை தேவை. பல வீடுகளில் அந்தக் கை ஒரு குழந்தையுடையதாக இருந்தது. பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகள் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-ல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. அந்தத் தலைமுறையை அடுத்து வந்தவள் நான். சட்டமும் பள்ளியும் சத்துணவும் சேர்ந்து என்னைத் தறியிலிருந்து எழுப்பிவிட்டன. ஆனால் பள்ளி விட்டு வந்த பிறகு ராட்டையில் தார் சுற்றும் வேலை இருந்தது. அதை யாரும் வேலை என்று சொல்லவில்லை. "அம்மாவுக்குக் கொஞ்சம் கூடமாட இரு" என்றுதான் சொன்னார்கள். அண்ணன் அந்த நேரத்தில் தெருவில் கிரிக்கெட் ஆடினான்.

பெண்கள் விளையாடாத ஊர் இல்லை இது. பல்லாங்குழி, தாயம், அஞ்சாங்கல் எல்லாம் எங்கள் பாட்டிகள் வீட்டிலும் இருந்தன. ஆனால் அவை ஆடுவதற்கென்று நாள் உண்டு. மாதவிலக்கில் ஒதுங்கி உட்கார்ந்த நாட்கள், வயசுக்கு வந்து மூலையில் உட்காரவைத்த நாட்கள், பிள்ளைத்தாய்ச்சியாகப் பிறந்த வீட்டுக்கு வந்த நாட்கள், சிவராத்திரி, வைகுண்ட ஏகாதசி இரவுகள். வேலை செய்ய முடியாத அல்லது வேலைக்குத் தீட்டு என்று விலக்கிய நேரத்தில் மட்டும் விளையாடலாம்.

கணினி விளையாட்டு வந்தபோது அது ஆண்களின் இடங்களில் வந்து இறங்கியது. மணிக்கு இத்தனை ரூபாய் என்று வீடியோ கேம் கடைகள், பிறகு பிரௌசிங் சென்டர்கள். தடுப்புப் பலகைகளுக்கு நடுவே இருட்டில் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். நானும் தோழியும் ஒரு முறை தேர்வு முடிவு பார்க்கப் போனோம். அதற்கே அடுத்த தெருவரை செய்தி போய்விட்டது. விளையாடப் போகிறேன் என்று ஒரு பெண் அந்தக் கதவைத் திறக்க முடியுமா?

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் மாணவர்களிடம் ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் 1990-களின் பின்பாதியில் ஆய்வு செய்தார்கள். வீட்டுக்குப் பொதுவாக வாங்கிய கணினி, பெரும்பாலும் மகனின் அறைக்குள் போய்விட்டது என்று பல மாணவிகள் அவர்களிடம் சொன்னார்கள். எங்கள் வீட்டில் தனி அறை இல்லை. அதனால் கணினிக்குள்ளேயே ஒரு அறை பிரிந்தது. பெரிய அறை அண்ணனுக்கு, பின்கட்டு எனக்கு.

அந்தப் பின்கட்டுக்கு ஒரு நாள் அம்மா வந்தாள்.

தேர்வுக்கு முந்தைய மாதம். இரவு பதினொன்றரை இருக்கும். குண்டுகளைத் தட்டிக்கொண்டிருந்த என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். "கேம் ஆடத்தான் கவர்மெண்ட்டு குடுத்துச்சாடி?" என்றாள். நான் மூடப் போனேன். "இரு இரு, அந்தப் பச்சைய ஏன் விட்டுட்ட?" என்று கேட்டாள். முப்பது நிறப் பட்டு நூல் கட்டிலிருந்து, விளக்கு வெளிச்சத்தில், மாந்துளிருக்கும் கிளிப்பச்சைக்கும் பேதம் பிரித்தெடுக்கிற கண் அது. அரிசி டிரம் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சுட்டுப்பலகையில் விரல் நகர்த்தக் கொஞ்சம் திணறினாள், பட்டு இழுத்து இழுத்து விரல் நுனி மரத்திருந்தது. மூன்றாவது ஆட்டத்தில் என் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டாள்.

அதன் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள், பாத்திரம் கழுவி, மாவாட்டி, அடுத்த நாளைக்கான தார் சுற்றி வைத்த பிறகு, "அந்தக் கோலிக்குண்டு இருக்கா?" என்று கேட்பாள். பத்து நிமிடம். அப்பா எழுந்து தண்ணீர் குடிக்க வந்தால் சட்டென்று எழுந்து, எனக்குப் பாடம் படிக்கத் துணை இருப்பதுபோல் நிற்பாள். நாற்பத்திரண்டு வயதில் என் அம்மா விளையாடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அழிக்கப்பட்ட பாகம்

தேர்வு முடிந்து விடுமுறையில் அண்ணன் கணினியைக் கடைத்தெருவில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனான். அந்த வருடம் பல வீடுகளில் இது நடந்தது. இருநூறு முந்நூறு ரூபாய்க்கு, இருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, திருட்டு விண்டோஸின் முழுப் பதிப்பைப் போட்டுக் கொடுப்பார்கள். லினக்ஸ் இருந்த இடம் காலியானால் பெரிய விளையாட்டுகளுக்கு இடம் கிடைக்கும். துப்பாக்கி விளையாட்டும், கார் திருடும் விளையாட்டும் அங்கேயே ஏற்றித் தருவார்கள்.

திரும்பி வந்த கணினியில் இரண்டு பெயர்கள் வரவில்லை. நேராக விண்டோஸ் திறந்தது. என் மதிப்பெண்கள், அம்மாவின் எண்ணிக்கை, தமிழில் தட்டிப் பழகிய நாட்குறிப்பு எல்லாம் போயிருந்தன. "அதுல என்ன இருந்துச்சு, சும்மா கேம்தானே" என்றான் அண்ணன். என்னுடைய பெயரில் அரசு கொடுத்த கணினி அது. என்னைக் கேட்க வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, கேட்டிருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கும் தெரியவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, "அந்தக் கோலிக்குண்டு இனிமே வராதா?" என்று மட்டும் கேட்டாள்.

திருட்டு விண்டோஸ் போட்டதற்காக எவர் மீதும் எனக்குக் கோபம் இல்லை. விலைக்கு வாங்க முடியாத ஊரில் அது நடக்கத்தான் செய்யும். நான் சொல்ல வருவது வேறு. இரண்டில் எது வேண்டாதது என்று முடிவெடுத்த கூட்டத்தில் பெண்கள் இல்லை. எது உண்மையான விளையாட்டு, எது சும்மா விளையாட்டு என்று பிரித்த கூட்டத்திலும் இல்லை. சீட்டும் மாஜாங்கும் குண்டும், அவசரமாக எழுந்துபோக வேண்டிய ஒருத்தி எந்த நொடியிலும் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து தொடரக்கூடியவை. பால் பொங்கும்போது விடலாம், குழந்தை அழும்போது விடலாம். பெண்கள் ஆடுகிற விளையாட்டு மட்டமானது என்று சொல்வதற்கு முன், அவர்களுக்குச் சேர்ந்தாற்போல் எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அழைத்தால் வந்தவர்கள்

கல்லூரியில் கணினி ஆய்வகத்தில் ஒரு அக்கா லினக்ஸை மறுபடியும் எப்படி நிறுவுவது என்று குறுந்தகடு ஒன்றைக் கொடுத்துக் கற்றுக்கொடுத்தார். 2012-ல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் தமிழிலேயே கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதியது. து. நித்யா எளிய தமிழில் லினக்ஸ் பற்றி எழுதிய நூலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். கணினி நூலை ஒரு பெண் தமிழில் எழுதியிருக்கிறார் என்பது அப்போது எனக்குப் பெரிய துணிச்சலைத் தந்தது. கடைக்காரர் உதவி இல்லாமல், அண்ணனைக் கேட்காமல், வட்டைப் பிரித்து லினக்ஸை ஏற்றினேன். ஏற்றி முடித்ததும் முதலில் திறந்தது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

கட்டற்ற மென்பொருள் உலகம் பெண்களுக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அட்டையை எல்லாருக்கும் தருகிறோம் என்று சொன்ன அந்த உலகில், 2002-ல் ஐரோப்பாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வின்படி பெண்கள் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். விலைக்கு விற்கும் மென்பொருள் நிறுவனங்களைவிட மிகக் குறைவு. இரவு வேலை, சம்பளமில்லாத வேலை, விளையாட்டாகச் செய்கிற வேலை என்றால், அதற்கான நேரம் யாரிடம் இருக்கும்?

1990-களின் இறுதியில் டெப் ரிச்சர்ட்சன் 'லினக்ஸ்சிக்ஸ்' என்று பெண்களுக்கான குழுவைத் தொடங்கினார். மரியாதையாக இரு, உதவியாக இரு என்ற இரண்டே விதிகள். இதை எழுதி வைக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே மற்ற இடங்களின் நிலவரம் தெரியும். 2006-ல் நடந்தது இன்னும் முக்கியம். என் கணினியில் இருந்த அந்தச் சிறு விளையாட்டுகளை உருவாக்கிய க்னோம் திட்டம், கூகுள் நிறுவனத்தின் கோடைப் பயிற்சிக்கு மாணவர்களை அழைத்தது. 181 விண்ணப்பங்கள் வந்தன. ஒன்றுகூடப் பெண்ணிடமிருந்து இல்லை. பெண்களுக்கு ஆர்வம் இல்லை என்று அத்தோடு முடித்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யாமல், பெண்களுக்கு மட்டும் என்று சொல்லி அதே வேலைக்கு மறுபடி அழைத்தார்கள். நூறு பெண்கள் விண்ணப்பித்தார்கள். அந்த முயற்சியை 2010-க்குப் பிறகு மரினா ழுராகின்ஸ்காயா போன்றவர்கள் தொடர்ந்து நடத்த, இன்று 'அவுட்ரீச்சி' என்ற பெயரில் உலகம் முழுவதும் நடக்கிறது.

பூஜ்ஜியத்திலிருந்து நூறு. நடுவில் மாறியது ஒன்றே ஒன்று. இது உங்களுக்கும்தான் என்று ஒரு வாய் சொன்னது.

கணினி தயார்

லினக்ஸில் விளையாடவே முடியாது என்று அண்ணன் சொன்ன காலம் முடிந்துவிட்டது. விண்டோஸுக்காக எழுதிய நிரல்களை லினக்ஸில் ஓட்டுவதற்கான 'வைன்' என்ற முயற்சி 1993-ல் தொடங்கியது. விளையாட்டுகளை விற்கும் வால்வ் நிறுவனம் 2013-ல் தன் ஸ்டீம் கடையை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. 2018-ல் வைனை அடிப்படையாகக் கொண்டு 'புரோட்டான்' என்ற கருவியை வெளியிட்டது. ஆயிரக்கணக்கான விண்டோஸ் விளையாட்டுகள் அதன் வழியாக லினக்ஸில் ஓடுகின்றன. 2022-ல் அந்த நிறுவனம் விற்கத் தொடங்கிய ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியின் உள்ளே இருப்பதும் லினக்ஸ்தான். அண்ணன் இன்று அதைப் பற்றிய காணொளிகளை எனக்கு அனுப்புகிறான்.

கணினியின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. நேரத்தின் கேள்வி அப்படியே இருக்கிறது. 2019-ல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிடம். அதில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். பிள்ளை பார்ப்பதும் முதியவர்களைப் பார்ப்பதும் இந்தக் கணக்கில் வராது, அது தனி. மீதி நேரத்தில்தான் தறி வேலை, தார் சுற்றுதல், கூலி வேலை எல்லாம்.

2023 செப்டம்பர் 15, மறுபடியும் அண்ணா பிறந்த நாள். இந்த முறை விழா எங்கள் ஊரிலேயே. முதலமைச்சர் ஸ்டாலின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைக் காஞ்சிபுரத்தில் தொடங்கிவைத்தார். 1.06 கோடிப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். உதவித்தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்ததைப் பெண்ணியர்கள் பலர் வரவேற்றோம். வீட்டு வேலை வேலைதான் என்று அரசு வாயால் சொன்னதற்குச் சமம் அது. பணம் கிடைத்தது. அதே உரிமையின் மறுபாதி இன்னும் பெயர் வைக்கப்படாமல் கிடக்கிறது. வேலை வேலைதான் என்றால், அதற்கு ஓய்வும் உண்டு. ஓய்வு என்றால் மறுநாள் வேலைக்காக உடம்பைத் தேற்றிக்கொள்வது மட்டும் இல்லை. ஒரு காரணமும் இல்லாமல் கோலிக்குண்டு ஆடுவதும் அதில் அடங்கும்.

பெண் விடுதலை பற்றிப் பேசும்போது நாமும் விளையாட்டைக் கடைசியில் வைக்கிறோம். முதலில் கல்வி, முதலில் வேலை, முதலில் சொத்து என்கிறோம். எந்த நோக்கத்துக்காகவும் என்ற அந்தப் பூஜ்ஜியமாவது உரிமையை ஒரு மென்பொருள் இயக்கம் வரிசையின் தலையில் வைத்தது. எதற்காக என்று கேட்கும் அதிகாரத்தை ஒருவரிடம் விட்டுவிட்டால், மற்ற மூன்று உரிமைகளையும் அவரே அளந்து கொடுப்பார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. படிக்கத்தானே கொடுத்தார்கள் என்று கேட்கப்பட்ட எந்தப் பெண்ணுக்கும் இது புரியும்.

அம்மாவுக்கு இப்போது ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. கண் மங்கிவிட்டதால் தார் சுற்றுவதை நிறுத்திவிட்டாள். என் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறேன். போன மாதம் ஊருக்குப் போனபோது, பகல் மூன்று மணிக்கு, கூடத்தில், எல்லாரும் இருக்கும்போது உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தாள். அப்பா வந்து டீ கேட்டார்.

"இந்த ஆட்டம் முடியட்டும்" என்றாள்.